இசுமியாமாக் கல்லும் கொரியக் கைகளும்: ஜப்பானியப் பீங்கான் தனிவழி கண்ட கதை

ஜப்பானியப் பீங்கானைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. ஜப்பானியப் பீங்கான் சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்த நகல்தானா என்பது முதலாவது. இமாரி, அரித்தா, காக்கியேமோன், நாபேஷிமா என்று அருங்காட்சியகங்களில் எழுதி வைத்திருக்கும் பெயர்கள் தனித்தனி வகைகளைக் குறிக்கின்றனவா, ஒன்றுக்கே வழங்கும் பல பெயர்களா என்பது இரண்டாவது. பழைய கலம் ஒன்று கைக்கு வந்தால் அது ஜப்பானில் செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது மூன்றாவது. முதல் ஐயம் தீர்ந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சீனத்தின் நீல-வெள்ளைக் கலங்களைக் கண்முன் வைத்துக்கொண்டுதான் ஜப்பானியர் தொடங்கினார்கள்; இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் கலங்களை வனைந்த கைகள் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையவை. மூலப்பொருள் ஒரு குன்றின் கல். அந்தத் தொழிலைக் கட்டி ஆண்டது ஒரு சிற்றரசு. இந்த மூன்றும் சேர்ந்ததால், தொடங்கி அரை நூற்றாண்டு ஆவதற்குள்ளாகவே சீனத்தில் இல்லாத கலங்கள் அங்கே உருவாயின. இந்த மூன்றனுள் மற்ற இரண்டையும்விட அந்தக் கல்லின் குணமே ஜப்பானியப் பீங்கானை ஜப்பானியப் பீங்கானாக ஆக்கியது என்பது என் கருத்து. வரலாற்றை மன்னர்கள், வணிகர்கள் பக்கமிருந்து மட்டும் சொல்லும்போது இந்தக் கல் பேச்சிலிருந்து விடுபட்டுப் போகிறது.

ஜப்பானியருக்கு மண்பாண்டம் புதிதல்ல. செதோ, பிஸென் முதலிய ஊர்களில் பல நூற்றாண்டுகளாகவே உயர்ந்த சூட்டில் சுட்ட கெட்டியான கலங்கள் செய்யப்பட்டு வந்தன. தேநீர்ச் சடங்கின் வளர்ச்சியோடு அவற்றின் மதிப்பும் மிக உயர்ந்திருந்தது. ஆனால் உடல் முழுதும் வெண்மையாகி, ஒளி ஊடுருவும்படி மெலிந்து, விரலால் சுண்டினால் மணியோசை தரும் பீங்கானைச் செய்ய அவர்களுக்குத் தெரியாது. சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருவதை விலைகொடுத்து வாங்கி வந்தார்கள். நிலைமை மாறியது ஒரு போரினால். 1592ஆம் ஆண்டிலும் மீண்டும் 1597ஆம் ஆண்டிலும் தொயொதோமி ஹிதேயோஷியின் ஆணைப்படி ஜப்பானியப் படைகள் கொரியாவுக்குள் புகுந்தன. ஹிதேயோஷி 1598இல் இறந்ததும் படைகள் திரும்பின. திரும்பும்போது மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டு வந்தார்கள். சத்சுமா, ஹாகி, அரித்தா ஆகிய மூன்று இடங்களின் கலமரபுகளும் இவ்வாறு வந்தவர்களிடமிருந்தே கிளைத்தவை. பீங்கானின் அழகைப் பேசும்போது இந்த வன்செயலை அடிக்குறிப்பாக ஒதுக்குவது நியாயமாகாது. அந்தக் கைகள் தாமாக விரும்பி வந்தவை அல்ல.

கியூஷு தீவின் வடமேற்கில், இன்றைய சாகா மாநிலத்தில், நாபேஷிமா குலத்தார் ஆண்ட பகுதியில் அரித்தா என்னும் மலையூர் இருக்கிறது. ஈ சாம்-ப்யோங் என்னும் கொரியக் குயவர், ஜப்பானியப் பெயரால் கனகாயே சான்பெய், நல்ல மண் தேடி அலைந்து, அவ்வூரின் கிழக்கேயுள்ள இசுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார் என்றும், 1616இல் அரித்தாவில் தொழிலைத் தொடங்கினார் என்றும் அவருடைய குடும்ப ஆவணங்கள் கூறுகின்றன. ஆனால் அரித்தாவின் மேற்குப் பகுதியில் நடந்த அகழாய்வுகளில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வேறு பல சூளைகளிலும் கெட்டிக்கலங்களோடு கலந்து பீங்கான் சுடப்பட்டதற்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. எனவே இது ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பு என்பதைவிட, புதிய மண்ணில் குடியேறிய ஒரு குயவர் சமூகம் முழுவதும் சேர்ந்து முயன்று பெற்ற வெற்றி என்று கொள்வதே பொருந்தும். அவர்களுள் பேக் பாசோன் என்னும் பெண்ணும் ஒருவர். கணவர் இறந்தபின் நூற்றுக்கணக்கான கொரியக் குயவர்களை அரித்தாவுக்கு அழைத்து வந்து, அவர்களுக்குத் தலைவியாக இருந்து, 1656இல் 96ஆம் அகவையில் மறைந்தார். ஈ சாம்-ப்யோங்கை ஊரார் தெய்வமாகவே வைத்திருக்கிறார்கள். தோசான் கோயிலில் மற்றத் தெய்வங்களோடு அவருக்கும் வழிபாடு நடக்கிறது. அக்கோயிலின் முன்வாயில், 1888இல் செய்து நிறுத்தியது, வெள்ளையில் நீலக் கொடிவேலை ஓடும் முழுப் பீங்கான் வாயிலாகும்.

இனி அந்தக் கல். பீங்கானுக்கு மூன்று தன்மைகள் வேண்டும்: சூட்டில் உருகி எல்லாவற்றையும் பிணைக்கும் தன்மை, அந்தச் சூட்டிலும் உரு குலையாமல் தாங்கும் தன்மை, வனையும்போது கைக்கு இணங்கும் பசைத்தன்மை. சீனத்தின் பெரிய பீங்கான் நகரமான ஜிங்தேஜெனில் இதற்கென இரண்டு பொருள்களைக் கலந்தார்கள். ஒன்று பொடித்த பீங்கான் கல்; மற்றொன்று கயோலின் என்னும் வெண்களிமண். உருகுவதைக் கல்லும் தாங்குவதைக் களிமண்ணும் பார்த்துக்கொண்டன. இசுமியாமாவிலோ வேலை முழுவதையும் ஒரே கல் செய்தது. அது முன்னொரு காலத்து எரிமலைப் பாறை. நிலத்தடி வெந்நீரால் நெடுங்காலம் அரிக்கப்பட்டு, குவார்ட்சும் செரிசைட் என்னும் நுண்ணிய அப்பிரகமும் நிறைந்த மென்பாறையாக மாறியிருந்தது. அதை இடித்துப் பொடித்து, நீரில் கரைத்து, கனத்த துகள்களை அடியில் விட்டு மேலே மிதக்கும் நுண்பொடியை மட்டும் வடித்தெடுத்து, பதமாக உலர்த்தினால் வனையும் மண் ஆயத்தம். வேறு மண் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இடிக்கும் வேலையை ஓடைநீரே செய்தது: நம் ஏற்றமரம் போன்ற ஒரு நீண்ட தடியின் ஒரு முனையில் குடைந்த தொட்டி நீரால் நிறைந்ததும் தாழும், நீர் கொட்டியதும் மேலெழும், அப்போது மறுமுனையின் உலக்கை கல்லின் மேல் விழும்.

வேறு எதுவும் கலக்க வேண்டாத இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. தாங்கி நிற்கும் களிமண் குறைவாக இருப்பதால் 1300 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டில் உடல் இளகித் தொய்கிறது; அகலமான தட்டின் நடுப்பகுதி தொங்கிவிடுகிறது. கல்லில் சிறிது இரும்பு இருப்பதால் தூய வெண்மையும் கிடைப்பதில்லை. மெல்லிய சாம்பலோ நீலமோ படர்ந்த வெண்மைதான் வருகிறது. இந்த இரண்டு குறைகளோடும் போராடியே அரித்தாவின் ஒவ்வொரு நுட்பமும் பிறந்தது.

முதல் முப்பது ஆண்டுகளின் கலங்களைத் தொடக்க இமாரி என்பார்கள். அவற்றுள் ஒரு தட்டைக் கையிலெடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவட்டம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. தட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அது கொரியக் குயவர்களின் பழகிய முறை. நடுப்பகுதி தடிப்பானது, விளிம்பை நோக்கி மெலிந்து போவது. அடிவட்டத்தைச் சுற்றி, மெருகுப் பூச்சில், அதாவது சுட்டதும் கண்ணாடியாகும் மேற்பூச்சில், விரல்கள் பிடித்த தடம் அப்படியே தெரியும். அக்காலத்தில் வனைந்த கலத்தை ஒருமுறை சுட்டு உறுதியாக்கிய பின் மெருகு பூசும் வழக்கம் அங்கே இல்லை. காய்ந்த பச்சைக் கலத்தையே அடியைப் பிடித்து மெருகுக் கரைசலில் தோய்த்து எடுத்தார்கள். நீல ஓவியமும் அவசரக் கோடுகளால் ஆனது: ஒரு முயல், ஒரு மலை, ஒரு படகு. சீனக் கலத்தைப் பார்த்து வரைந்ததே என்றாலும் தூரிகை நடை வேறு. எனக்கு அரித்தாவின் பிற்காலப் பகட்டைவிட இந்த முதல் தலைமுறையின் கலங்களே நெருக்கமானவை.

சிற்றரசின் தலையீடு 1637இல் கடுமையாகத் தொடங்கியது. சூளைகளுக்கு விறகு வெட்டிக் காடு அழிகிறது என்று காரணம் காட்டி, பீங்கான் தொழிலில் புகுந்திருந்த ஜப்பானியக் குயவர் 826 பேரை நாபேஷிமா குலத்தாரின் சாகா அரசு வெளியேற்றியது. பல சூளைகளை மூடி, எஞ்சிய 13 சூளைகளை அரித்தாவில் ஒருங்கு சேர்த்தது. காடு ஒரு காரணந்தான். வரி தரும் ஒரு தொழிலைக் கண்பார்வைக்குள் வைத்திருப்பது அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கும். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் அறைகள் கொண்ட நீண்ட சூளைகளே அங்கே இருந்தன. கீழ் அறையின் வெப்பம் மேல் அறைக்கு ஏற, பக்கத் துளைகள் வழியே செம்பைன் விறகை இட்டுக்கொண்டே செல்வார்கள். ஒரு சூளையைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. உரிமச் சீட்டு இல்லாதவருக்கு அறை கிடையாது. பழுதாகிப் பிரித்த சூளைகளின் செங்கற்களையும் கலங்களை வைத்துச் சுட்ட உடைந்த தாங்கிகளையும் செம்மண்ணில் பதித்து எழுப்பிய மதில்கள் அவ்வூரின் பின்தெருக்களில் இன்றும் நிற்கின்றன. தீயில் உருகி வழிந்த சாம்பல் மெருகு அந்தச் செங்கற்களின் முகத்தில் பச்சையாகப் பளபளக்கிறது.

1640களில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர வந்தன. சீனத்தில் 1644இல் மிங் ஆட்சி சரிந்து, மஞ்சூரியர்களின் சிங் ஆட்சிக்கும் தென்கரையில் அதை எதிர்த்தவர்களுக்கும் இடையே நெடுங்காலம் போர் நடந்தது. ஜிங்தேஜென் சீர்குலைந்தது, எதிரிகளுக்குப் பொருள் கிடைக்காதிருக்கப் புதிய ஆட்சி கடல் வணிகத்தையே தடை செய்தது. உலகச் சந்தைக்குப் பீங்கான் வரத்து குன்றியது. அதே வேளையில் சீனத் தொழில்நுட்பம் நாகசாகி வழியாக அரித்தாவை எட்டியது. மெருகின் மேல் வண்ணமிட்டு மறுபடி இளஞ்சூட்டில் சுடும் முறையைச் சீனர் ஒருவரிடமிருந்து இமாரி வணிகர் ஒருவர் அறிந்து வந்தார் என்றும், அதைச் சகாயிதா காக்கியேமோன் பலமுறை முயன்று தன் கைவசமாக்கி நாகசாகியில் விற்றார் என்றும் காக்கியேமோன் குடும்ப ஆவணம் சொல்கிறது. வண்ணமிடுவோர் எல்லாரையும் அரசு ஒரே தெருவில் குடியமர்த்தியது. முதலில் 11 குடும்பங்கள், பின்னர் 16. வண்ணக் கலவையின் மறைபொருளைத் தந்தை தம் வாரிசு ஒருவருக்கு மட்டுமே சொல்லலாம்.

டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்துக்குள் தெஜிமா என்னும் செயற்கைத் தீவில் அடைபட்டிருந்தது. அங்கிருந்து 1650இல் சிறிய அளவில் வாங்கத் தொடங்கி, 1659இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களுக்கு ஆணை கொடுத்தது. அந்த ஆணையின் பெரும்பகுதி ஐரோப்பாவுக்காக அல்ல, ஏமனின் மோக்கா துறைமுகத்துக்காக, அதாவது காப்பி குடிப்பவர்களுக்காக, என்பதைப் பலர் அறிவதில்லை. பெரிய சூளைகள் கொண்ட ஒரு மலையூருக்கே மூச்சு முட்டும் எண்ணிக்கை அது. நிறுவனத்தின் மருந்துக் கடைகளுக்கு வேண்டிய களிம்புச் சாடிகள், பீர்க் குவளைகள், முகம் மழிக்கக் கழுத்தில் பொருந்தும்படி விளிம்பில் பிறைவெட்டு வைத்த கிண்ணங்கள் என்று அரித்தாக் குயவர்கள் வாழ்நாளில் கண்டிராத பொருள்களை மாதிரி பார்த்துச் செய்து கொடுத்தார்கள். இலங்கையிலும், அப்போது பழவேற்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சோழமண்டலக் கரையிலும் இருந்த டச்சு நிலையங்களுக்கும் இந்தக் கலங்கள் வந்து சேர்ந்தன. டச்சுக்காரரைப் போலவே நாகசாகிக்கு வந்துபோன சீனக் கப்பல்களும் பெருமளவில் ஏற்றிச் சென்றன.

பெயர்க்குழப்பம் தீர்வது இங்கேதான். அரித்தா கலம் செய்த ஊர். இமாரி அதற்கு வடக்கேயுள்ள துறைமுகம். கலங்கள் அங்கிருந்து கப்பலேறியதால் வாங்கியவர்கள் அந்தப் பெயரையே வழங்கினார்கள். இன்று ஏலக்காரர்கள் இமாரி என்னும்போது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒரு பாணியையே குறிக்கிறார்கள்: கருமை கலந்த நீலம், கெட்டியான சிவப்பு, தங்கம், மூன்றும் கலத்தை இடைவெளியின்றி நிறைப்பது. காக்கியேமோன் பாணி இதற்கு நேர் எதிரானது. தட்டின் பெரும்பகுதி வெறுமையாக விடப்படும். ஒரு பக்கத்திலிருந்து ஒரு கிளை நீண்டிருக்கும். அதில் ஒரு பறவை அமர்ந்திருக்கும், அல்லது அதன் கீழே காடைகள் நிற்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் ஆகிய வண்ணங்கள் மெல்லியவையாக, ஒளி ஊடுருவுபவையாக இருக்கும்.

அந்த வெறுமைக்கு வெண்மை தேவை. அரித்தாவின் வழக்கமான நீலச்சாயல் படிந்த வெண்மை அந்தச் சிவப்பை மங்கச் செய்துவிடும். எனவே இசுமியாமாக் கல்லோடு அக்கம்பக்கத்து வேறு இரண்டு கற்களையும் அளவறிந்து கலந்து, நிறமற்ற மெருகு பூசி, அரிசி களைந்த நீரின் பால்வெண்மை கொண்ட ஓர் உடலை உருவாக்கினார்கள். நிகோஷிதே என்பது அதன் பெயர். உலரும்போதும் சுடும்போதும் இந்த மண் மற்றதைவிட அதிகம் சுருங்குகிறது, வெடிக்கிறது, கோணுகிறது. வனைந்தவற்றுள் வீணாவது மிகுதி. 18ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதி சுருங்கியபோது இந்த வெண்மையைச் செய்வதே நின்று போயிற்று. 12ஆம், 13ஆம் காக்கியேமோன்கள் (குடும்பத் தலைவர்கள் வழிவழியாக அந்தப் பெயரையே ஏற்பார்கள்) தந்தையும் மகனுமாகக் குடும்பக் குறிப்புகளை வைத்துக்கொண்டு முயன்று 1953இல் அதை மீட்டெடுத்தார்கள். ஜப்பானிய அரசு 1971இல் அதை முதன்மையான மரபுக்கலை உடைமையாக அறிவித்தது. சிவப்பின் கதையும் பொறுமையின் கதைதான். அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சூடேற்றிச் செம்பொடியாக்கி, அதிலுள்ள அமிலம் நீங்கும் வரை நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, பின் கண்ணாடிப் பொடியோடு நாள்கணக்கில் அரைத்தால்தான் தூரிகையிலிருந்து மெல்லிய கோடாக இறங்கும் சிவப்பு கிடைக்கும்.

ஐரோப்பாவில் இந்தக் கலங்கள் செய்த வேலை பெரிது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் 1717இல் டிரெஸ்டனில் வாங்கிய மாளிகையை ஜப்பானிய மாளிகை என்றே பெயரிட்டுப் பீங்கானால் நிரப்ப முயன்றார். அவருடைய ஆட்சியில் 1710இல் தொடங்கிய மைசென் ஆலை, காக்கியேமோன் காடைகளையும் கிளைகளையும் கோடு மாறாமல் வரைந்தது; பிரான்சின் ஷாந்திலியும் இங்கிலாந்தின் செல்சியும் பின்தொடர்ந்தன. இதைவிட முதல் ஐயத்துக்கு நேரான விடை சீனத்திலிருந்தே கிடைக்கிறது. சிங் ஆட்சி கடல் வணிகத்தை 1684இல் மீண்டும் திறந்ததும் ஜிங்தேஜென் மலிவான விலையில் சந்தைக்குத் திரும்பியது. திரும்பி வந்த சீனக் குயவர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலம், சிவப்பு, தங்கம் சேர்ந்த இமாரி பாணியை நகலெடுத்து ஐரோப்பாவுக்கு விற்றார்கள். நகலெடுக்கப்படும் நிலையை எட்டிய ஒன்றை வெறும் நகல் என்பது எப்படிப் பொருந்தும்?

நாபேஷிமா என்பது விற்பனைக்கே வராத பீங்கான். 1600ஆம் ஆண்டு செகிகஹாராப் போரில் நாபேஷிமா குலம் தோற்றவர் பக்கம் நின்றிருந்தது. வென்ற தொகுகாவா ஷோகுன்களின், அதாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களின், நல்லெண்ணம் அவர்களுக்கு உயிர்நாடி. ஆண்டுதோறும் ஷோகுனுக்குச் சீனப் பீங்கானைக் காணிக்கையாக அனுப்பி வந்தார்கள். சீனப் போரினால் வரத்து நின்றதும், அதற்கு இணையானதைத் தாமே செய்துவிடத் துணிந்தார்கள். இதற்கென நடத்திய சூளை 1670களில் ஓகாவாச்சியாமா என்னும் இடத்தில் நிலைபெற்றது. மூன்று புறமும் செங்குத்தான மலை. நான்காவது புறத்தில் காவற்சாவடி. கைவினைஞர் 31 பேர், அரசின் சம்பளத்தில். குறையுள்ள கலம் வெளியே போகக்கூடாது, உடைத்துவிட வேண்டும் என்பது ஆணை. செலவுக் கணக்கு பார்க்காமல் செய்த கலங்கள் என்பதால் ஜப்பானியப் பீங்கானின் தொழில்நேர்த்திக்கு இவையே உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒரு நாபேஷிமாத் தட்டு உருவாகும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தட்டின் விட்டம் ஏறக்குறைய 30, 21, 15, 9 செண்டிமீட்டர் என்று வகுத்த அளவுகளில் ஒன்றாக இருக்கும். அடிவட்டம் உயரமானது, அதன் வெளிப்புறத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் நீலத்தில் வரிசையாக வரையப்பட்டிருக்கும். ஒரே அளவில் பத்தோ இருபதோ தட்டுகள் தொகுதியாகக் காணிக்கை போகும் என்பதால் எல்லாவற்றிலும் ஓவியம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதற்கு, சுரைக்குடுக்கையைக் கரித்து எடுத்த கரியால் மெல்லிய தாளில் உருவை வரைந்து, அந்தத் தாளைத் தட்டின் மேல் வைத்துத் தேய்ப்பார்கள். கரிக்கோடு தட்டில் பதியும். ஒரே தாளைக் கொண்டு பல தட்டுகளில் பதிக்கலாம். பின் அந்தக் கோட்டின் மேலேயே கோபால்ட்டு நீலத்தால் மயிரிழையாக எல்லைக்கோடு வரைவார்கள். சூளையில் கரி எரிந்து மறைய, நீலம் நிற்கும்.

எல்லைக்குள் நீலம் நிரப்பும் வேலை வேறொருவருடையது. அரித்தாப் பகுதியில் அது மரபாகப் பெண்களின் கைத்தொழில். இதற்கான தூரிகை கைப்பிடி அளவு பருத்தது. நீலக் கரைசலை ஏராளமாகக் குடித்துக்கொண்டு நுனியில் மட்டும் கூர்மையாக இருக்கும். இளஞ்சூட்டில் ஒருமுறை சுட்ட கலம் பட்டவுடன் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் அதில் தூரிகையை இழுத்தால் கோடு கோடாகத் திட்டு விழும். ஆகவே அவர்கள் தூரிகையால் தேய்ப்பதில்லை. விரல்களால் தூரிகையை மெல்ல அழுத்தி ஒரு துளியை விட்டு, அந்தத் துளி தேங்கி நிற்கும்போதே அதை நுனியால் வழிநடத்தி, கலத்தைச் சாய்த்துச் சாய்த்து எல்லைக்கோடு வரை கொண்டுபோய், மிச்சத்தை மறுபடி தூரிகைக்குள் உறிஞ்சிக்கொள்வார்கள். இடையில் கை ஒரு நொடி தயங்கினால் அந்த இடம் கருத்துவிடும். மெருகு பூசிச் சுட்ட பிறகே அது கண்ணுக்குத் தெரியும். நாபேஷிமாத் தட்டுகளின் நீலப் பரப்பு சாயமேற்றிய பட்டுத்துணியின் சமநிலையோடு விளங்குவது இந்தக் கைகளால்தான். பெருஞ்சூளை முடிந்த பின், சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றை மெருகின் மேல் நிரப்பி, சிறு சூளையில் 800 பாகையை ஒட்டிய சூட்டில் மறுபடி சுடுவார்கள். தங்கம் பெரும்பாலும் இல்லை. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டபோது அந்த அரசுச் சூளையும் முடிந்தது. வண்ணமிடும் தெருவின் இமாயிசுமி இமாயேமோன் குடும்பம் அந்த நுட்பத்தைத் தன் சொந்தச் சூளையில் தொடர்ந்து காத்து வருகிறது.

பிற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எத்தனை காவல் வைத்தும் அரித்தாவின் மறைபொருள் கசிந்தது. செதோவைச் சேர்ந்த கதோ தாமிகிச்சி 1804இல் கியூஷுவுக்கு வந்து, தொழில் கற்று 1807இல் ஊர் திரும்பினார். செதோவில் அவரைப் பீங்கானின் தந்தையாகக் கொண்டாடுகிறார்கள். வடகரையின் குதானி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, சில பதின்ம ஆண்டுகளில் நின்று, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றது. பழைய குதானி என்று போற்றப்படும் அடர்பச்சை, மஞ்சள் தட்டுகளில் பெரும்பாலானவை அரித்தாவிலேயே செய்யப்பட்டவை என்பதை அரித்தாச் சூளைகளில் கிடைத்த உடைந்த கல ஓடுகள் காட்டுகின்றன. எல்லாரும் இதை ஏற்றுவிடவில்லை என்றாலும் ஓடுகளின் சான்று வலுவானது.

அரித்தாவுக்குப் பேரழிவு 1828இல் வந்தது. பெரும்புயல் ஒன்றில் சூளைத் தீ பரவி ஊரின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. அதிலிருந்து மீண்டு, 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சாகா அரசு கலங்களை அனுப்பியது. ஜெர்மானிய வேதியியலர் கோட்ஃபிரீட் வாக்னர் 1870இல் அரித்தாவுக்கு வந்து, நிலக்கரிச் சூளையையும் ஐரோப்பியச் செயற்கைக் கோபால்ட்டையும் அறிமுகப்படுத்தினார். 1875இல் கோரான்ஷா நிறுவனம் எழுந்தது. அலங்காரச் சாடிகளோடு தந்திக் கம்பங்களுக்கான பீங்கான் மின்காப்பான்களையும் அந்த நிறுவனத்தார் செய்தார்கள். சிற்றரசின் ஆதரவு போன பின் தொழிலைக் காப்பாற்றியதில் அந்த மின்காப்பான்களுக்கும் பங்குண்டு. கல்லும் மாறிவிட்டது. இரும்பு குறைந்து, சூட்டுக்கு நன்றாகத் தாங்கும் அமாகுசாத் தீவுக் கல்லே இன்று அரித்தாவின் முதன்மை மூலப்பொருள். இசுமியாமாவில் வெட்டுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. குன்று இருந்த இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது.

கடைசியாக, அடையாளம் காணும் முறை. கலத்தைக் கவிழ்த்து அடிவட்டத்துக்கு உள்ளே பாருங்கள். அங்கே மெருகில் கடுகளவு வடுக்கள் ஒன்றோ, மூன்றோ, ஐந்தோ இருந்தால் அது ஜப்பானியக் கலம் என்பதற்கு வலுவான சான்று. சீன முறையைப் பின்பற்றி அடிவட்டத்தை அகலமாக்கிய பின், தொய்வைத் தடுக்க அதே மண்ணால் செய்த சிறு கூம்புகளை அடியில் முட்டுக்கொடுத்துச் சுட்டார்கள். சுட்டபின் தட்டி நீக்கிய இடங்களே அந்த வடுக்கள். கயோலின் கலந்த சீனக் கலத்துக்கு அந்த முட்டு பெரும்பாலும் தேவைப்படவில்லை. வடு இல்லாததால் ஜப்பானியக் கலம் அல்ல என்று தீர்த்துவிடவும் வேண்டாம். சிறிய கலங்களுக்கு முட்டே வைப்பதில்லை. இமாரி பாணிக் கலமானால் சிவப்பைப் பாருங்கள். ஜப்பானியச் சிவப்பு தடிப்பாக, ஒளி புகாததாக இருக்கும். நீலம் கருமை தட்டியிருக்கும். உடல் கனமாக இருக்கும். சீன நகலில் உடல் மெல்லியது, சிவப்பு நீர்த்தது, நீலம் பளிச்சென்றிருக்கும்.

அடியிலுள்ள எழுத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். மிங் பேரரசர் செங்ஹுவா காலத்தில் செய்தது என்று சீன எழுத்தில் எழுதிய அரித்தாக் கலங்கள் ஏராளம். அது ஏமாற்று வேலையாக இல்லாமல், உயர்ந்த கலத்துக்கு இடும் மரியாதைக் குறியாகவே வழங்கி வந்தது. மாறாக, ரோமன் எழுத்தில் நிப்பான் என்றோ ஜப்பான் என்றோ இருந்தால், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பின் செய்ததாகவே கொள்ளலாம். விற்பவர் அதை ஷோகுன் காலத்துக் கலம் என்று சொன்னால் அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.